பேய்க்குத்தான் நீதியா?

அபிராமபுரத்திலே பேய் இருக்கிறதாம்!

சுடுகாட்டங்கரையிலே அன்று, ஊர்க்கோடிப் புளியமரத்திலே அன்று. மாநகராட்சி விளக்கு எரிகிற, குடிநீர் வரி வசூலாகிற, சங்கீத சபாக்களுக்கும் ஆங்கிலப் பள்ளிகளுக்கும் குறைவில்லாத அபிராமபுரத்திலே, நாள்தோறும் ஆயிரக்கணக்கான வண்டிகள் புகை கக்கிச் செல்லும் செயின்ட் மேரீஸ் சாலையை ஒட்டி, நட்டநடு நகரத்திலே பேய்! டிமான்டி காலனி என்பது அதன் முகவரி. அஞ்சல்காரருக்குத் தெரியும், ஆட்டோக்காரருக்குத் தெரியும், பேய்க்கும் தெரியுமாம்.

யார் அந்த டிமான்டி? ஜான் டிமான்டி, போர்த்துக்கீசிய மரபிலே வந்த வணிகர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே சென்னையில் பொருள் குவித்தவர். மாளிகையும் தோட்டமும் வாங்கியவர். சாகும்போது சொத்தைக் கத்தோலிக்கத் திருச்சபைக்கு எழுதிவைத்துச் சென்றவர். வரலாறு இவ்வளவே. அவர் பெயரால் அமைந்த குடியிருப்பிலே வீடுகள் சில, பின்னாளில் பல ஆண்டுகள் ஆளின்றிப் பூட்டிக் கிடந்தன. பூட்டிய வீட்டுக்கு ஆயிரம் காரணம் இருக்கும்: குத்தகை, வழக்கு, பழுது, பணமின்மை. ஆனால் இருட்டிய சன்னலைக் கண்ட ஊர்வாய் சும்மா இருக்குமா? டிமான்டியின் மனைவிக்குச் சித்தம் கலங்கியிருந்ததாம். மகன் இளமையிலேயே மாண்டானாம். கதவு தானே திறக்கிறதாம். நாற்காலி தானே ஆடுகிறதாம். நாய்கள் உள்ளே போனால் வெளியே வருவதில்லையாம். 'ஆம்' என்ற ஈற்றைத் தவிர வேறு சான்று ஏதும் இல்லாத கதை!

இந்த 'ஆம்' 2015-இல் வெள்ளித்திரைக்கு வந்தது. அஜய் ஞானமுத்து இயக்கிய 'டிமான்டி காலனி'. நான்கு இளைஞர்கள் விளையாட்டாக அந்த மாளிகைக்குள் நுழைகிறார்கள். ஒரு கழுத்தணி அவர்களோடு வந்துவிடுகிறது. பிறகு பூட்டிய அறைக்குள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். கதைத்தலைவனாக நடித்தவர், 1952-இல் 'பராசக்தி'க்கு உரையாடல் எழுதி நாட்டையே உலுக்கிய கலைஞரின் பேரன். குறையாகச் சொல்லவில்லை, நடிப்பு அவர் தொழில். பாட்டனின் பேனா கோயில் பூசாரியைக் கூண்டில் ஏற்றியது. பேரன் காலத்துத் திரை பேயை அரியணையில் ஏற்றியிருக்கிறது. அறுபத்து மூன்று ஆண்டிலே திரையுலகம் நடந்த தொலைவு இது, அதுவும் பின்னோக்கி! படம் காசு பார்த்தது. 2024-இல் இரண்டாம் பாகமும் வந்தது.

நாம் திரைக்கலை வல்லுநர் அல்லோம். சுருள் எத்தனை, கோணம் எத்தனை என்று எண்ணத் தெரியாது. ஞாயிறு மாலை சீட்டு வாங்கி, இடைவேளையிலே முறுக்குத் தின்று, வீடு திரும்பும் வழியிலே நண்பர்களோடு வாதாடுகிற வெறும் பார்வையாளர். துப்பறியும் படமா, பார்ப்போம். விண்வெளிப் படமா, பார்ப்போம். பேய்ப்படமா, அதையும் பார்ப்போம். "பகுத்தறிவு பேசுகிறவர்கள் பேய்ப்படத்துக்குப் போகலாமா?" என்று ஒரு தோழர் கேட்டார். ஏன் போகக்கூடாது? அச்சமும் ஒரு சுவை. தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாட்டிலே அச்சத்தை வைத்தாரே! இருட்டும் அமைதியும் நீண்டு, திடீரென்று பேரோசை எழுந்தால் நாயும் துள்ளும், நாத்திகனும் துள்ளுவான். அது நரம்பின் வேலை. நம்பிக்கையின் வேலை அன்று. துள்ளிவிட்டுச் சிரிக்கலாம். நமது வழக்கு, துள்ள வைத்ததற்காக அன்று. துள்ளிய பிறகு காதோடு சொல்லி அனுப்புகிறார்களே ஒரு சேதி, அதற்காக.

அந்தச் சேதி என்றும் ஒன்றாக இருந்ததில்லை. அதை இளைஞர்கள் அறிய வேண்டும்.

1954-இல் வீணை வித்தகர் எஸ். பாலச்சந்தர் 'அந்த நாள்' எடுத்தார். பாட்டு இல்லை, ஆட்டம் இல்லை. ஒருவன் சுடப்பட்டுக் கிடக்கிறான், கொன்றது யார்? ஐயத்துக்குரியவர் ஒவ்வொருவராக வருகிறார்கள். ஒவ்வொரு வாக்குமூலத்தையும் துப்பறிவாளன் தட்டிப் பார்க்கிறான். சான்று கேள், சான்றைச் சோதி, பிறகு முடிவுக்கு வா! அறிவியலின் அரிச்சுவடியே அதுதான். அதைப் படக்கொட்டகையிலே பாடமாக நடத்தினார்கள். 1966-இல் வந்தது 'யார் நீ?'. மழை இரவு, வெள்ளைச் சேலை, மர்மப் பெண், நெஞ்சை அறுக்கும் பாட்டு என்று இன்றைய பேய்ப்படத்துக்கு வேண்டிய சரக்கு அத்தனையும் அதிலே உண்டு. ஆனால் முடிவிலே என்ன? பேயும் இல்லை, பிசாசும் இல்லை. சொத்துக்காக மனிதர்கள் செய்த சூழ்ச்சி! 1967-இன் 'அதே கண்கள்' படத்திலும் முகமூடிக்குள்ளே இருந்தது மனித முகமே.

அபிராமபுரத்திலிருந்து ஈழம் சென்று வருவோம், ஒரு கணம். கேரளத்திலே பிறந்து கொழும்பிலே வாழ்ந்த ஆபிரகாம் கோவூர், அற்புதம் செய்து காட்டுவோர்க்கு இலட்ச ரூபாய் பந்தயம் வைத்துவிட்டு, 1978-இல் சாகும்வரை அதை ஒருவருக்கும் கொடுக்க நேராமல் இருந்த பகுத்தறிவாளர். பேய் பிடித்ததாக அழைத்துவரப்பட்டவர்களிடம் உட்கார்ந்து பேசி, உள்ளத்து நோயைக் கண்டு, தீர்த்து அனுப்பியவர். அவருடைய குறிப்பேட்டு நிகழ்ச்சி ஒன்று 1972-இல் மலையாளத்திலே 'புனர்ஜென்மம்' என்ற படமாயிற்று. அடுத்த ஆண்டே தமிழிலே 'மறுபிறவி' ஆயிற்று. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்! மறுபிறவிபோலத் தோன்றுவது மன நோய் என்று காட்டிய கதை அது. அந்த நாளிலும் முற்பிறவிக் காதலைப் போற்றிய படங்கள் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் அவற்றுக்குப் பக்கத்துக் கொட்டகையிலேயே மறுமொழியும் ஓடிற்று. அன்று பேயின் முக்காட்டை விலக்கினால் உள்ளே மனிதன் இருந்தான். இன்று மனிதனின் சட்டையைக் கழற்றினால் உள்ளே பேய் இருக்கிறது!

இந்தச் சரிவு எப்படி நடந்தது என்பதை ஒரே படத்தின் பெயரைக்கொண்டு காட்டலாம்: 'சந்திரமுகி'. 2005-இல் பி. வாசு இயக்கி ரஜினிகாந்த் நடித்து, சென்னை சாந்தி தியேட்டரிலே எண்ணூறு நாளுக்கு மேல் ஓடிய படம். மூலம், 1993-இல் வந்த 'மணிச்சித்திரத்தாழ்' என்னும் மலையாளப் படம். கதைத்தலைவன் மனநல மருத்துவன். கங்கா என்ற பெண்ணுக்குப் பிடித்திருப்பது பேய் அன்று, பிளவுண்ட ஆளுமை என்று கண்டறிகிறான். தமிழ்நாட்டின் மிகப் பெரிய நடிகர் திரையிலே நின்று "இது நோய்" என்று சொல்கிறார்! நூறு மேடையிலே நாம் தொண்டை வற்றப் பேசினாலும் எட்டாத காதுகளுக்கெல்லாம் அது எட்டிற்று. மகிழ்ந்தோம். ஆனாலும் முழு மகிழ்ச்சி இல்லை. அந்த மருத்துவனும் நோயைத் தீர்க்க மந்திரவாதியின் மேடையைக் கடன் வாங்குகிறான். ஒரு பெரிய பாம்பு ஏன் வருகிறது, எங்கே போகிறது என்பதற்கு விளக்கமும் இல்லை. பகுத்தறிவுக்குப் பாதி, பழமைக்குப் பாதி. போகட்டும், பாதியாவது கிடைத்ததே என்று தேற்றிக்கொண்டோம்.

2023-இல் அதே இயக்குநர், அதே பெயரிலே இரண்டாம் பாகம் கொண்டு வந்தார். இப்போது மருத்துவன் இல்லை. நோய் இல்லை. சந்திரமுகியின் ஆவி உண்மையிலேயே வருகிறது. வேட்டையனின் ஆவியும் உண்மையிலேயே வருகிறது! பதினெட்டு ஆண்டுக்கு முன்னே கொடுத்த பாதியையும் வட்டியோடு திரும்ப வாங்கிக்கொண்டார்கள். 2012-இல் கார்த்திக் சுப்புராஜின் 'பீட்சா' இதைவிட நயமாகச் செய்தது. வைரத்தை மறைப்பதற்காக ஒருவன் கட்டிவிட்ட கதையே பேய் என்று உடைத்துக் காட்டியது. அடடா என்று நிமிர்ந்து உட்கார்ந்தோம். எழுந்து போவதற்குள் இறுதிக் காட்சியிலே, பொய் சொன்னவனையே மெய்ப்பேயிடம் ஒப்படைத்துவிட்டது! எழுந்து நின்ற பகுத்தறிவை மீண்டும் உட்காரச் சொல்லி ஒரு தட்டு.

இன்னொன்றும் காண்கிறோம். பேய் இப்போது மின்கருவியிலே குடியேறிவிட்டது. 2009-இன் 'யாவரும் நலம்' படத்திலே தொலைக்காட்சிப் பெட்டி வழியாக வந்தது. 'டிமான்டி காலனி'யிலும் தொலைக்காட்சியிலேதான் சாவு முன்கூட்டியே தெரிகிறது. மந்திரம் படித்தவனெவனும் மின்சாரத்தைக் கண்டுபிடிக்கவில்லை; சோதனைச்சாலையிலே கண்விழித்தவன் கண்டுபிடித்தான். அவன் கொடுத்த கேமராவாலும் கணினியாலும், அவன் வாழ்நாளெல்லாம் எதிர்த்து நின்ற இருட்டுக்கே ஊர்வலம் நடத்துகிறார்கள்!

"வெறும் பொழுதுபோக்கு, படம் முடிந்தால் மறந்துவிடுவார்கள், ஏன் இவ்வளவு கொதிப்பு?" என்பர் நடுநிலையாளர்.

மறந்துவிடுகிறார்களா? நாம் வகுப்பறையிலே நிற்பவர், சொல்வோம். ஒரு திங்கட்கிழமை, அமிலமும் காரமும் பற்றிய பாட வேளை முடிந்த பின், எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் மேசையருகே வந்து நின்றான். "சார், டிமான்டி காலனி நெசமா சார்? நான் அந்த வழியாத்தான் சார் டியூஷனுக்குப் போறேன்" என்றான். சிரிக்கவில்லை அவன். இரண்டு தெரு சுற்றிக்கொண்டு போகத் தொடங்கியிருக்கிறான். வீட்டிலே சொன்னதற்குக் கையிலே கறுப்புக் கயிறு கட்டிவிட்டிருக்கிறார்கள். படம் முடிந்துவிட்டது, கயிறு முடியவில்லை. கயிற்றோடு முடிந்தாலும் தாளலாம். கயிறு சங்கிலியாகும் இடமும் இந்த நாட்டிலே உண்டு.

ஏர்வாடி! 2001 ஆகஸ்ட் 6. இராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோர ஊர். தர்காவை ஒட்டி, மனநோயாளிகளை வைத்துப் பராமரிப்பதாகச் சொல்லிக்கொண்டு தனியார் நடத்திய கீற்றுக் கொட்டகை ஒன்றிலே விடியுமுன் தீப்பற்றிற்று. உள்ளே இருந்தவர்கள் ஓட முடியவில்லை. ஏன் முடியவில்லை? சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள்! 28 பேர் மாண்டார்கள். கட்டுண்டவாறே கருகினார்கள். அவர்களை அங்கே கொண்டுவந்து சேர்த்தவர்கள் கொடியவர்களா? அல்லர். பெற்ற தாய், உடன்பிறந்த அண்ணன், தாலி கட்டியவன். "இது பேய், வைத்தியத்துக்குக் கேட்காது, ஏர்வாடியில் கனவிலே உத்தரவு வரும்" என்று நம்பியவர்கள். தர்கா என்பதற்காகச் சொல்லவில்லை. பேயோட்டக் கோயில்கள் இல்லையா, பேயோட்டும் செபக்கூட்டங்கள் இல்லையா? மதத்துக்கு மதம் மருந்துப்பெட்டி வேறு, நோயாளி ஒருவனே. கீழ்ப்பாக்கத்து மனநல மருத்துவமனை 1794-இலேயே வேர்விட்ட நிலையம். இரு நூற்றாண்டுக்கு மேலாக அரசு மருத்துவம் காத்திருக்க, நம் மக்கள் சங்கிலியைத் தேடிச் சென்றார்கள். மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியிடலாகாது என்று நடுவண் அரசின் 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சொல்கிறது. சட்டப் புத்தகத்தை எத்தனை பேர் படித்தார்கள்? படத்தை எத்தனை பேர் பார்த்தார்கள்?

தலைமயிரை விரித்து, கண்ணை உருட்டி, ஆண்குரலிலே உறுமுகிற பெண்ணைத் திரையிலே கண்டால் "மந்திரவாதியைக் கூப்பிடு" என்று கொட்டகையே சொல்கிறது. அதே குறியோடு வீட்டிலே ஒரு பெண் எழுந்து நின்றால் கொட்டகையிலே கற்ற பாடம்தானே முதலிலே வாயில் வரும்? இதுவா வெறும் பொழுதுபோக்கு?

இந்தப் படங்களிலே ஐயப்படுகிறவன் ஒருவன் கட்டாயம் இருப்பான், கவனித்திருப்பீர்கள். "பேயாவது, பிசாசாவது" என்பான். அவனுக்கு இரண்டே கதி. ஒன்று, அவன் கோமாளி. இடைவேளைக்குள் வேட்டி நனைந்துவிடும். அல்லது அவனே முதல் பலி. கேள்வி கேட்டவன் செத்தான், கும்பிட்டவன் பிழைத்தான்! உலக வரலாற்றைத் துருவிப் பாருங்கள். கேள்வி கேட்டவனைப் பேய் கொன்றதாக ஒரு சான்று உண்டா? கொன்றவர்கள் மனிதர்கள். 2013 ஆகஸ்ட் 20 அன்று புனே நகரிலே காலை நடை சென்ற நரேந்திர தாபோல்கரை, மூடநம்பிக்கை ஒழிப்புக்காக வாழ்நாளைக் கொடுத்த அந்த மருத்துவரைச் சுட்டது ஆவியா? 2017 மார்ச் மாதம் கோவையிலே கடவுள் மறுப்புப் பேசிய இளைஞரை வெட்டிச் சாய்த்தது பிசாசா? தாபோல்கர் கேட்டுக் கேட்டுக் கிடைக்காத சட்டத்தை, அவர் செத்த பிறகே மராட்டிய மாநிலம் இயற்றிற்று. 2017-இல் கர்நாடகமும் இயற்றிற்று. பெரியார் பிறந்த மண் என்று நாம் மார்தட்டிக்கொள்கிறோம். மார்தட்டுவதற்குச் சட்டம் தேவையில்லை போலும்!

பேயை விடுங்கள், தமிழிலே அறிவியல் படங்கள் வந்துவிட்டனவே என்று ஆறுதல் சொல்வோர் உண்டு. வந்தன, பார்த்தோம். 1963-லேயே 'கலை அரசி' வந்தது. யூரி ககாரின் விண்ணைச் சுற்றி இரண்டே ஆண்டு. மனிதன் நிலவிலே கால் வைக்க இன்னும் ஆறு ஆண்டு. அதற்குள் எம்.ஜி.ஆரும் பானுமதியும் வேற்றுக்கோள் சென்றுவிட்டார்கள்! அந்தக் கோளிலே அறிவியல் உண்டாம், இசை இல்லையாம். பாடகியைத் தூக்கிச் செல்கிறார்கள். அட்டைப்பெட்டி விண்கலமானால் என்ன, என்ன ஓர் இனிய கற்பனை! 2010-இன் 'எந்திரன்' படத்திலே பொறிமனிதனிடம் கடவுள் உண்டா என்று கேட்கிறார்கள். தன்னைப் படைத்தவர் விஞ்ஞானி, ஆகவே உண்டு என்கிறது அது. கேட்டவர்கள் சிரித்தார்கள், நாம் எழுந்தே நின்றிருப்போம். 'டிமான்டி காலனி' வந்த அதே 2015-இல்தான் 'இன்று நேற்று நாளை'யும் வந்தது. காலத்தைக் கடக்கும் பொறி கிடைத்ததும் இரண்டு இளைஞர்கள் என்ன செய்கிறார்கள்? காணாமற்போன பொருளைப் போய்ப் பார்த்துவந்து, சோதிடத்திலே கண்டதாகச் சொல்லிக் காசு பண்ணுகிறார்கள்! சோதிடத் தொழிலின் உள்ளறையை இதைவிடச் சிரிக்கச் சிரிக்கத் திறந்துகாட்டிய படம் அண்மையிலே இல்லை.

ஆனால் 2011-இன் 'ஏழாம் அறிவு'? அதைப் பற்றி நின்று பேச வேண்டும். ஏனெனில் அது பேயைவிட நுட்பமான பொய். பல்லவ இளவரசர் போதிதர்மர் சீனம் சென்றாராம். அவருடைய போர்த்திறமும் மருத்துவமும் இன்றைய வழித்தோன்றல் ஒருவனின் மரபணுவிலே உறங்குகின்றனவாம். ஆய்வுக்கூடத்திலே தட்டி எழுப்பினால் எழுந்துவிடுமாம்! தமிழன் பெருமை என்றதும் கைதட்டல் கூரையைப் பிளந்தது. நமக்கும் பெருமையிலே ஆசை உண்டு. ஆனால் உயிரியல் என்ன சொல்கிறது? தாத்தா கற்ற சிலம்பம் பேரனுக்குக் குருதியிலே வராது; அவனும் களத்திலே இறங்கிச் சுழற்றினால்தான் வரும். கற்றது மரபணுவிலே ஏறுவதில்லை. அதுவும், ஆயிரத்தைந்நூறு ஆண்டு என்றால் ஏறத்தாழ அறுபது தலைமுறை. ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு மூதாதையின் பங்கு பாதிபாதியாகத் தேய்ந்துகொண்டே வரும். எஞ்சுவது என்ன? அறிவியல் பிழை மட்டுமானால் விட்டுவிடலாம். திறமை பிறப்பிலே இருக்கிறது, குருதியிலே ஓடுகிறது என்பது யாருடைய கொள்கை, தோழர்களே? எவனை எவன் பள்ளிக்கு வெளியே நிறுத்திவைக்கப் பயன்படுத்திய கொள்கை? பூணூலைக் கழற்றிவிட்டு வெள்ளை மேலங்கி மாட்டிக்கொண்டு வந்தால் நமக்கு அடையாளம் தெரியாமற் போய்விடுமா?

இனி, நம்மை உண்மையிலேயே நிறுத்திவைத்த வாதத்துக்கு வருவோம். ஒரு நண்பர் கேட்டார்: "இன்றைய பேய் யார் என்று பார்த்தீர்களா? பண்ணையார் இல்லை, பணக்காரன் இல்லை. கொல்லப்பட்ட ஏழை, கெடுக்கப்பட்ட பெண், விரட்டப்பட்ட திருநங்கை. ஒடுக்கப்பட்டவர்தாமே பேயாக வந்து பழி தீர்க்கிறார்? நீங்கள் மேடையிலே கேட்பதைத்தானே பேய் திரையிலே செய்கிறது?"

நல்ல கேள்வி. உண்மையும் கூட. ராகவா லாரன்சின் 'முனி' (2007) படத்துப் பேய், குடிசை மக்களுக்காக நின்று அரசியல்வாதியால் வஞ்சிக்கப்பட்டுக் கொல்லப்பட்ட முனியாண்டி. 'காஞ்சனா' (2011) படத்துப் பேய், பெற்றோர் விரட்டிய திருநங்கை. தான் வளர்த்த பெண்ணை மருத்துவராக்கி, மருத்துவமனை கட்ட நிலம் வாங்கி, நிலத்துக்காகவே கொல்லப்பட்டவள். சரத்குமார் அந்த வேடத்திலே நின்றபோது கொட்டகை அழுதது. திருநங்கையைக் கேலிப்பொருளாகவே காட்டிவந்த திரையிலே அது பெரிய செய்கை. அதற்குரிய மதிப்பை நாம் மறைக்க மாட்டோம்.

நம் நாட்டுப்புறத்திலும் இம்மரபு உண்டு. சாதி கடந்து காதலித்ததற்காகக் கழுவேறிய காத்தவராயன், மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட மதுரைவீரன், சக்கிலியப் பெண்களை மணந்து அவர்கள் குலத்தவனாகவே வாழ்ந்து மாண்ட முத்துப்பட்டன். கொல்லப்பட்டவர்களை மக்கள் தெய்வமாக்கினார்கள். பேராசிரியர் நா. வானமாமலை இக்கதைப்பாடல்களைத் தேடித் தொகுத்தது பக்திக்காக அன்று. எழுதப்படாத கொலைவழக்குகள் அவை என்பதற்காக. ஆண்டுதோறும் வில்லுப்பாட்டிலே யார் கொன்றான், ஏன் கொன்றான் என்று ஊரறிய உரைக்கிறார்கள். குற்றப்பத்திரிகை அது! தீர்ப்புச் சொல்ல மன்றம் கிடைக்காத மக்கள், மறக்க மட்டும் மறுத்தார்கள். மன்றமே இல்லாத காலம் அது.

இன்று காலம் அதுவா? 'காஞ்சனா' வருவதற்கு மூன்று ஆண்டு முன்னே, 2008-இல், தமிழ்நாட்டிலே திருநங்கையர்க்கு நல வாரியம் அமைந்தது, இந்தியாவிலேயே முதலாவது. 2014-இல் உச்சநீதிமன்றம் அவர்களின் பாலின உரிமையை ஏற்றுத் தீர்ப்பளித்தது. பேய் வாங்கித் தந்ததா அவற்றை? உயிரோடிருந்த திருநங்கையர் தெருவிலே நின்று, மனுக் கொடுத்து, வழக்காடி, வசவு வாங்கிப் பெற்றார்கள். திரையிலே அந்தக் காட்சி ஒன்றாவது வந்ததா? உயிரோடிருக்கும் காஞ்சனாவை ஊரும் வீடும் விரட்டுகின்றன. செத்த காஞ்சனாவுக்குக் கோயில் கதவும் திறக்கிறது, கொலைகாரனும் கிடைக்கிறான், கைதட்டலும் கிடைக்கிறது. உயிரோடிருந்தால் கேட்காதே, செத்துவிட்டு வா, தருகிறோம்! இதுவா நீதி? ஒடுக்கப்பட்டவனுக்கு ஆற்றல் வர அவன் முதலிலே பிணமாக வேண்டுமா? பேய் பழி வாங்கிவிட்டது என்ற நிறைவோடு வீட்டுக்குப் போகிறவன், அடுத்த தெருவிலே வாழ்பவனின் வழக்கை மறந்தே போகிறான்.

மேல்நாட்டிலும் இத்தகைய படங்கள் உண்டே என்பீர்கள். உண்டு; எப்படிப்பட்டவை என்றும் பாருங்கள். 1954-இல் ஜப்பானியர் 'காட்சில்லா' எடுத்தார்கள். கடலிலிருந்து எழும் அந்தப் பூதத்தை எழுப்பியது எந்தத் தெய்வக் குற்றமும் அன்று, நீரியக் குண்டுச் சோதனை! 2017-இல் அமெரிக்கக் கறுப்பினத்தவரான ஜோர்டன் பீல் 'கெட் அவுட்' எடுத்தார். நாற்காலியிலே நகம் பதிய உட்கார்ந்து பார்த்தோம். பேயே கிடையாது. இனிக்க இனிக்கப் பேசும் வெள்ளைக் குடும்பமே அச்சம். அதிலே நீதி கேட்கிறவன் உயிரோடிருக்கிறான். உயிரோடு தப்பியும் வருகிறான். அச்சமூட்டத் தெரிந்த கலைஞர்கள் நம்மிடமும் இருக்கிறார்கள். எதைக் கண்டு அஞ்சச் சொல்வது என்பதிலேதான் வழுக்குகிறார்கள்.

அபிராமபுரத்துக்கே திரும்புவோம். டிமான்டி காலனியைத் தேடிக் கைப்பேசியும் கையுமாக நள்ளிரவிலே போய்ப் படம் பிடிக்கிற இளைஞர்களுக்கு ஒரு வழி சொல்கிறோம். அங்கிருந்து நடந்தே போகலாம். ராஜா அண்ணாமலைபுரம், கோவிந்தசாமி நகர். பக்கிங்காம் கால்வாய்க் கரையோரம், பல்லாண்டாய் மக்கள் குடியிருந்த இடம். 2022 மே மாதம், உச்சநீதிமன்ற ஆணையைக் காட்டி வீடுகளை இடிக்க எந்திரங்கள் வந்தன. பிள்ளைகளுக்குத் தேர்வுக் காலம், தவணை கேட்டார்கள். எந்திரம் நிற்கவில்லை. அறுபது வயதுப் பெரியவர் ஒருவர் எல்லோர் கண்ணெதிரிலும் தம்மேல் தீ வைத்துக்கொண்டார். மறுநாள் மருத்துவமனையிலே மாண்டார். அவர் முனியாண்டியாக எவருடைய உடம்பிலும் புகவில்லை. எந்த அதிகாரியின் கட்டிலும் இரவிலே ஆடவில்லை. மாற்றிடம் கேட்டு நின்றவர்கள் அவருடைய அண்டை வீட்டார், கையிலே மனுவோடு.

அந்தத் தெருவுக்குப் பேய் பார்க்க எவரும் போவதில்லை. அங்கே ஒரு படம் எடுங்கள் என்கிறோம். இருட்டு வேண்டாம், கணினி வரைகலை வேண்டாம், தலைவிரி கோலம் வேண்டாம். இடிந்த வீட்டின் கதவு எண்ணும், குடும்ப அட்டையும், மே மாதத்துப் பட்டப்பகலும் போதும். இன்னொரு படத்துக்கும் கதை வைத்திருக்கிறோம். 2024-இல் சென்னை அசோக் நகர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியிலே, உடற்குறைகள் முற்பிறவிப் பாவத்தின் பயன் என்று மாணவிகள் முன்னே ஒரு பேச்சாளர் பேசியபோது, பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் எழுந்து நின்று எதிர்த்தார். கூடம் நிறைய மாணவிகள். மேடையிலே ஒலிவாங்கியோடு ஒருவர். கீழே கண் தெரியாத ஓர் ஆசிரியர், தனியாக. ஐயப்படுகிறவன் கோமாளியாகாத, செத்தும் போகாத காட்சி அது. யார் எடுக்கிறீர்கள்? முதல் நாள் முதல் காட்சிக்குச் சீட்டு வாங்க நாம் ஆயத்தம்.